கருவி வேற்றுமையும் களநீதியும்

போட்டி என்பது இருவருள் மிக்கார் யாவர் என அறிதற்பொருட்டு மக்கள் அமைத்துக்கொண்ட ஓர் அளவுகோலாகும். அவ்வளவுகோல் எதனை அளக்கின்றது என்பது முதற்கண் தெளிவாயிருத்தல் வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் ஒருவன் கால்நடையாகவும் மற்றொருவன் மிதிவண்டியிலும் வருவானாயின், முந்தியவனுக்கு மாலையிடுதலாற் பயனில்லை. அங்கு அளக்கப்பட்டது காலின் விரைவன்று, உருளையின் விரைவே. வேற்றுமை இவ்வாறு வெளிப்படையாய் நிற்குமிடத்து எவரும் மயங்கார். அது நுண்ணிதாய், கைக்குள் அடங்கிய கருவியில் ஒளிந்து நிற்குமாயின் மயக்கம் பெரிதாகின்றது. இக்காலத்து இளைஞர் பலர்க்குப் பொழுதுபோக்கும் சிலர்க்குப் பிழைப்பும் ஆகிவிட்ட மின்திரை ஆட்டங்களில் அத்தகைய மயக்கம் ஒன்று உளது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

துப்பாக்கி ஏந்திய ஒரு வீரனைத் திரையில் நடத்திச் சென்று, எதிரியைக் குறிபார்த்து வீழ்த்தும் ஆட்டங்களைச் சுடும் ஆட்டங்கள் என ஈண்டுக் கூறுவோம். இவற்றை ஆடுதற்கு இன்று மூவகைப் பொறிகள் உள. ஒன்று, மேசைமேல் வைத்து மவுஸும் கீபோர்டும் கொண்டு இயக்கும் கணினி. இரண்டாவது, தொலைக்காட்சியோடு இணைத்து, இரு கையாலும் பற்றும் கண்ட்ரோலர் கொண்டு இயக்கும் கன்சோல். சோனியின் பிளேஸ்டேஷனும் மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸும் இவ்வகையின. மூன்றாவது, நம் நாட்டார் பெரும்பாலோர் கையில் உள்ள செல்போன். முன்னெல்லாம் அவ்வப் பொறியினர் தம் இனத்தாரோடு மட்டுமே பொருதனர். இப்போது வேறு வேறு பொறி உடையாரும் ஒரே களத்தில் எதிர்ப்படுமாறு அமைத்துள்ளனர். அதற்குக் கிராஸ்பிளே என்பது பெயர். "எல்லாரும் ஒருங்கே ஆடலாமே" என்று மகிழ்வர் ஒரு சாரார். "இஃது ஒத்தார் போர் அன்று" என்று மறுப்பர் மற்றொரு சாரார். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. எவ்வெவ்வளவு உண்டு என்பதே ஆராயற்பாலது.

கலப்பு ஆட்டத்தின் வரலாறு

கணினியாளரையும் கன்சோலாளரையும் ஒரு சுடும் களத்தில் நிறுத்திய முன்முயற்சிகளுள் ஒன்று, 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஷேடோரன்' என்னும் ஆட்டம். விண்டோஸ் கணினி உடையாரும் எக்ஸ்பாக்ஸ் 360 உடையாரும் அதில் எதிரெதிர் நின்றனர். அதன்பின் நெடுநாள் இம்முயற்சி தழைக்கவில்லை. 2017 செப்டம்பரில் 'ஃபோர்ட்நைட்' என்னும் ஆட்டத்தில், பிளேஸ்டேஷனாரும் எக்ஸ்பாக்ஸாரும் தற்செயலாகச் சிறிது பொழுது ஒரே களத்தில் சந்தித்தனர். தொழில்நுட்பத் தடை ஒன்றும் இல்லை, நிறுவனங்களின் மனத்தடையே உளது என்பதை உலகம் அன்று கண்டுகொண்டது. ஓராண்டு கழித்து, 2018 செப்டம்பரில், சோனி நிறுவனம் அவ்வாட்டத்திற்குக் கதவைத் திறந்தது. 2020 மார்ச்சில் வெளிவந்த 'கால் ஆஃப் டூட்டி: வார்சோன்' கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்னும் மூன்றையும் ஒரு பெருங்களத்தில் கலந்தது. அதுமுதற்கொண்டு இவ்வழக்கு உலகெங்கும் வலுத்தது.

மவுஸும் ஜாய்ஸ்டிக்கும்

வழக்கின் வேர் இரு கருவிகளின் இயல்பு வேற்றுமையில் உள்ளது. மவுஸை நான்கு விரற்கிடை நகர்த்தினால் பார்வை அதற்குரிய அளவு திரும்பி நின்றுவிடும். கை நின்றால் பார்வையும் நிற்கும். கை சென்ற தூரமே பார்வை சென்ற தூரம். கண்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் ஜாய்ஸ்டிக்கோ அவ்வாறன்று. அதனைச் சாய்த்த அளவு, பார்வை திரும்பும் தூரத்தை வரையறுப்பதில்லை. திரும்பும் விரைவையே வரையறுக்கின்றது. சாய்த்து வைத்திருக்கும் வரை பார்வை சுழன்றுகொண்டேயிருக்கும். உரிய நேரத்தில் விரலை மீட்டல் வேண்டும்.

இதனை உழவர் மொழியிற் கூறின் எளிதில் விளங்கும். ஒரு தொட்டியில் இத்துணை நீர் வேண்டும் என்றால், படியால் அளந்து ஊற்றுதல் ஒரு முறை. மடையைத் திறந்துவிட்டு, வேண்டிய அளவு நிரம்பியதும் அடைத்தல் மற்றொரு முறை. முன்னதில் ஊற்றிய படியே கணக்கு. பின்னதில் மடைவாயின் அகலமும், அது திறந்திருந்த காலமும் சேர்ந்தே கணக்கு; சிறிது தாழ்ப்பின் நீர் மிகும், சிறிது முந்தின் நீர் குறையும். மவுஸ் படி போல்வது. ஜாய்ஸ்டிக் மடை போல்வது. மடைத்தொழிலில் தேர்ந்தவன் அளவு தவறான் என்பது மெய்யே. ஆயினும் அவன் அத்தேர்ச்சிக்குச் செலவிடும் உழைப்பு, படி வைத்திருப்பவனுக்கு வேண்டுவதன்று.

திடீரென முதுகுப்புறம் திரும்ப வேண்டிய நிலையைக் கருதுக. மவுஸ் உடையான் மணிக்கட்டை ஒருமுறை வீசினாற் போதும். ஜாய்ஸ்டிக் உடையானுக்கோ சுழற்சிக்கு ஓர் உச்ச விரைவு உண்டு. அது நொடிக்கு 240 பாகை எனக் கொள்வோமாயின், 180 பாகை திரும்ப முக்கால் நொடி கழியும். சுடும் ஆட்டத்தில் முக்கால் நொடி என்பது ஓர் உயிர். இனி, கண்ட்ரோலருக்கும் ஒரு மேன்மை உண்டு என்பதை மறைத்தல் நடுநிலை ஆகாது. வீரனை நடத்துதற்குரிய இடக்கை ஜாய்ஸ்டிக்கால் எத்திசையிலும், மெல்லவும் விரையவும், நினைத்தவாறு செல்லலாம். கீபோர்டின் நான்கு விசைகளால் எட்டுத் திசைகளிலேயே செல்லலாம். நடையில் ஒன்று சிறந்தது. குறியில் மற்றொன்று சிறந்தது.

இவ்வேற்றுமை இன்று கண்டறியப்பட்டதன்று. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பார் மவுஸை 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் உலகறியக் காட்டினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1978இல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்ட், வில்லியம் இங்கிலீஷ், பெட்டி பர் என்னும் மூவர், திரையில் ஒரு சொல்லைச் சுட்டுதற்கு எக்கருவி விரைவானது என ஆய்ந்து வெளியிட்டனர். மவுஸையும், விரைவை ஆளும் ஜாய்ஸ்டிக்கையும், இருவகை விசைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். விரைவிலும் பிழையின்மையிலும் மவுஸே முந்தியது. அவர்கள் கையாண்ட உரைகல், உளநூலறிஞர் பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதி. இலக்கு தொலைவாகவும் சிறிதாகவும் ஆக, அதனைச் சென்று தொடுதற்கு வேண்டும் காலம் ஓர் ஒழுங்குபட மிகும் என்பதே அவ்விதி. சொல்லைச் சுட்டுதலும் எதிரியைச் சுட்டுதலும் நோக்கத்தால் வேறாயினும், கைத்தொழிலால் ஒன்றே.

எய்ம் அசிஸ்ட் என்னும் ஊன்றுகோல்

கண்ட்ரோலரின் இக்குறையை ஆட்டம் இயற்றுவோர் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். 1997இல் நிண்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த 'கோல்டன்ஐ' ஆட்டத்திலேயே குறியைத் தானே எதிரியின்பால் ஈர்க்கும் ஏற்பாடு இருந்தது. பின்னர் அது நுட்பமாக வளர்ந்து எய்ம் அசிஸ்ட் எனப் பெயர் பெற்றது. அதன் தொழில் இருவகைப்படும். குறிப்புள்ளி எதிரியின் மேற் செல்லும்போது சுழற்சியின் விரைவைக் குறைத்து, விரல் மிகை செய்யாவாறு தடுத்தல் ஒன்று. எதிரியோ ஆடுவோனோ அசையும்போது, பார்வையை எதிரியின் போக்கிலே தானாகச் சிறிது திருப்பிவிடுதல் மற்றொன்று.

முன்னதைக் குறித்து வழக்கு மிகுதியும் இல்லை. பின்னதே பெரும்பூசலுக்குக் காரணம். என்னையெனின், மனிதன் கண்ணால் ஒன்றைக் கண்டு கையால் எதிர்வினை ஆற்றுதற்கு ஏறத்தாழ 200 மில்லிநொடி, அஃதாவது ஐந்தில் ஒரு நொடி, வேண்டும். எதிரி இடம்பெயர்ந்து வலமாகத் திரும்பினால், மவுஸ் பிடித்தவன் கை அவ்வளவு காலம் தாழ்த்தே தொடரும். எய்ம் அசிஸ்டோ கண் உடையதன்று, நரம்பு உடையதன்று. எதிரியின் இருப்பிடத்தை ஆட்டத்தின் கணக்கேட்டிலிருந்தே அறிவது. அதற்கு அத்தாழ்ச்சி இல்லை.

இதன் விளைவு தூரத்திற்கேற்ப மாறும். நொடிக்கு 5 மீட்டர் விரைவில் குறுக்கே ஓடும் ஒருவன் 5 மீட்டர் தொலைவில் இருப்பின், அவனைத் தொடர நொடிக்கு ஏறத்தாழ 57 பாகை பார்வை திரும்ப வேண்டும். 50 மீட்டர் தொலைவில் இருப்பின் 6 பாகையே போதும். ஆனால் அவன் உருவம் பத்தில் ஒன்றாகச் சிறுத்துவிடும். ஆகவே அண்மையில் இடைவிடாது தொடரும் திறமே வேண்டப்படுகின்றது. அங்கு எய்ம் அசிஸ்ட் உடையான் மேலோங்குவான். சேய்மையில் சிற்றிலக்கைத் துல்லியமாய்த் தொடும் திறம் வேண்டப்படுகின்றது. அங்கு மவுஸ் உடையான் மேலோங்குவான். "கன்சோலார்க்கு நீதியில்லை" என்பாரும், "கணினியார்க்கு நீதியில்லை" என்பாரும் தத்தம் தோல்வி நிகழ்ந்த தூரத்தை வைத்தே பேசுகின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

கருவியின் வேற்றுமை கையோடும் முடிவதில்லை. நொடிக்கு 30 படம் காட்டும் திரையில் ஒவ்வொரு படமும் 33 மில்லிநொடி நிற்கும். 60 படம் காட்டுவதில் 17. 120 காட்டுவதில் 8. விலையுயர்ந்த கணினியுடையான் எதிரியைச் சிறிது முந்திக் காண்கின்றான். மேலும், கணினி பலரும் திறந்து திருத்தக்க பொறியாதலின் கள்ளச் செய்நிரல் அதில் எளிதில் நுழையும். கன்சோல் பூட்டிய பெட்டியாதலின் அத்துணை எளிதில் நுழையாது. கன்சோலிலும் வேறொரு சூது உண்டு. மவுஸை இணைத்து, அதனைக் கண்ட்ரோலர் என்று கன்சோலை நம்பச்செய்யும் இடைப்பெட்டிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டான் மவுஸின் துல்லியத்தையும் எய்ம் அசிஸ்ட்டின் உதவியையும் ஒருங்கே பெறுகின்றான். 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' என்னும் ஆட்டத்தை நடத்தும் யூபிசாஃப்ட் நிறுவனம், 2023இல் இச்சூதைக் கண்டறியும் ஏற்பாடு ஒன்றை அமைத்தது. அதில் அகப்பட்டவன் உடனே விலக்கப்படுவதில்லை. அவன் கைக்கும் திரைக்கும் இடையே காலத்தாழ்வு புகுத்தப்படும். கள்ளநிறை வைத்தவன் தராசையே கனக்கச் செய்தல் போன்றது இத்தண்டனை.

நம் பக்கத்து நிலை

தேனி மாவட்டத்து மயிலாடும்பாறை போன்ற ஊர்களில் கன்சோல் என்னும் பொருளைக் கண்டார் சிலரே. வருசநாட்டு மலையடியில், மூல வைகைக் கரையில், இலவமரமும் தென்னையும் சூழ்ந்த அவ்வூர்ப் பக்கத்து இளைஞர்க்குச் சுடும் ஆட்டம் என்பது செல்போனில் ஆடுவதே. ஆயினும் அயல்நாட்டார் கன்சோலுக்கும் கணினிக்கும் இடையே காணும் அதே வழக்கு, இங்குச் செல்போனுக்கும் கணினிக்கும் இடையே வந்துள்ளது.

2018இல் உலகெங்கும் வெளிவந்த 'பப்ஜி மொபைல்' நம் நாட்டில் ஊர்தோறும் பரவியது. செல்போன் ஆட்டத்தைக் கணினியில் ஓடச்செய்யும் எமுலேட்டர் என்னும் செய்நிரலும் உடன் பரவியது. ஐந்து விரற்கிடைத் திரையைக் கட்டைவிரலால் தேய்த்துக் குறிபார்ப்பவன் எதிரே, அகன்ற திரையும் மவுஸும் கொண்டு ஒருவன் நின்றால் முடிவு என்னாகும் எனச் சொல்ல வேண்டுவதில்லை. அதனால் அவ்வாட்டத்தார் எமுலேட்டரில் வருவோரைக் கண்டறிந்து, எமுலேட்டர் உடையாரோடே சேர்த்தனர். ஒரு குழுவில் ஒருவன் எமுலேட்டரில் வரினும் அக்குழு முழுவதும் அப்பாலே சேரும். 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு வேறு பல செயலிகளோடு பப்ஜி மொபைலைத் தடைசெய்தது. 2021 ஜூலையில் தென்கொரிய நாட்டுக் கிராஃப்டன் நிறுவனம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்னும் பெயரால் இந்நாட்டுக்கென வேறோர் ஆட்டம் வெளியிட்டது. 2022 ஜூலையில் அதுவும் விலக்கப்பெற்று, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. இவ்வாட்டத்தில் எமுலேட்டருக்கு இடமே இல்லை.

இதனால் நீதி முற்றும் நிலைபெற்றதோ எனின், அன்று. செல்போனுக்குள்ளேயே சாதி பல உள. சதுரத்தை ஒத்த டேப்லெட்டின் திரை, நீண்டொடுங்கிய செல்போன் திரை காட்டாத மேலும் கீழுமான பகுதிகளையும் காட்டும். இதனை ஆடுவோர் 'ஐபேட் வியூ' என வழங்குவர். நொடிக்கு 90 அல்லது 120 படம் காட்டும் உயர்விலைச் செல்போனும், 60 காட்டவும் திணறிச் சூடேறும் எளிய செல்போனும் ஒரே களத்தில் எதிர்ப்படுகின்றன. வழியும் ஒரு கருவியே. கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கப்பூருக்குச் செய்தி போய்மீள, வேறு தடை இல்லையெனினும், 30 மில்லிநொடி வேண்டும். மலையடிவாரத்து இளைஞனுக்கோ, கோபுரத்திலிருந்து அலை வந்துசேரும் தாழ்ச்சியும் அதனோடு கூடும். 'பிங் ஏறிவிட்டது' என்று அவன் வருந்துவது இதனையே. ஆகவே பொறி ஒன்றே என்று பெயரளவில் விதித்தலால் மட்டும் களம் ஒத்துவிடாது.

முன்னோர் கண்ட வழி

வேற்றுமை உடையாரை எவ்வாறு போட்டியிடச் செய்வது என்னும் வினா நம் மக்கட்குப் புதிதன்று. தென்மாவட்டங்களில் நிகழும் மாட்டுவண்டிப் பந்தயத்தை நோக்குக. எல்லா மாடுகளையும் ஒரே எல்லைக்கோட்டில் நிறுத்தி ஓட்டுவாரில்லை. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனித் தூரமும் தனித்தனிப் பரிசும் வகுப்பர். தேன்சிட்டில் வென்றவனைப் பெரிய மாட்டுக்காரன் இகழ்வதில்லை. பரிசு கொண்டுவந்த வண்டியை ஊரார் ஒருபடியாகவே வரவேற்பர். ஈண்டுப் பிரிவினை இழிவு ஆகாது, ஒவ்வொன்றன் திறமும் வெளிப்படுதற்குரிய வாயில் ஆயிற்று.

இலக்கணமும் இக்கருத்தைத் தழுவி நிற்கின்றது. தொல்காப்பியர் புறத்திணை வகுத்தவிடத்து, ஆநிரையோ மண்ணோ கருதாது வலிமையே பொருளாகப் பொருதலைத் தும்பை என்றார். விளையாட்டுப் போர் யாவும் ஒருவகையில் தும்பையே. அதில் கவர்தற்குரிய நிலம் இல்லை, காட்டுதற்குரிய வலிமையே உண்டு. வெற்றியைக் கூறும் வாகையை விளக்கியபோதோ, குற்றமற்ற கோட்பாட்டோடு ஒவ்வொருவரும் தத்தமக்குரிய கூறுபாட்டில் மேம்படுதல் என்னும் கருத்துப்பட அமைத்தார். எல்லாரையும் ஒரே கோலால் அளந்து ஒருவனை மட்டும் தலைவனாக்குதலே வெற்றி என்று அப்பேராசிரியர் கருதிற்றிலர்.

இக்கால ஆட்ட நிறுவனங்கள் பல வழிகளை முயன்று, ஒருவாறு இவ்விடத்திற்கே வந்து சேர்ந்துள்ளன. ஃபோர்ட்நைட் 2019இல், பொறியை நோக்காது கைக்கருவியை நோக்கிச் சேர்க்கும் முறையைக் கொண்டது. கன்சோலில் மவுஸ் இணைத்தவன் கணினியாரோடு சேர்க்கப்பட்டான். 2021இல் வந்த 'ஹேலோ இன்ஃபினிட்', தரவரிசைப் போட்டியில் தனித்தும் இருவராயும் வருவோர்க்குக் கண்ட்ரோலர் களம் வேறு, மவுஸ் களம் வேறு என வகுத்தது. அதே ஆண்டில் 'ஓவர்வாட்ச்' கிராஸ்பிளேயைத் தொடங்கியபோது, பொழுதுபோக்கு ஆட்டத்தில் கலப்பை உடன்பட்டு, தரவரிசை ஆட்டத்தில் கணினியையும் கன்சோலையும் பிரித்து வைத்தது. 'வேலரண்ட்' 2024இல் கன்சோலுக்கு வந்தபோது, கணினிக் களத்தோடு அதனைச் சேர்க்கவே இல்லை. 2025இன் தொடக்கத்தில் 'கால் ஆஃப் டூட்டி: பிளாக் ஆப்ஸ் 6', தரவரிசைப் போட்டியில் கணினியாரை விலக்கித் தம்முள் ஆடும் உரிமையைக் கன்சோலார்க்கு அளித்தது. வேடிக்கைக்குக் கலப்பு, தரத்திற்குப் பிரிப்பு என்பதே இவற்றிடை மிகுதியும் காணப்படும் போக்கு.

தடையும் விடையும்

"இவ்வாறு பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு களத்திலும் ஆள் குறைந்து, எதிரி கிடைக்காமல் நெடுநேரம் காத்திருக்க நேரும், நள்ளிரவில் ஆட்டமே கூடாது" என்பர் சிலர். இது வலிய தடையே. திறம் ஒத்தாரைத் தேடிச் சேர்க்கப் பலர் வேண்டும். சிலரே உள்ள களத்தில் கற்றுக்குட்டி கைதேர்ந்தவனிடம் சிக்கி மனம் உடைவான். கருவி ஒத்து, திறம் ஒவ்வாத போரும் நீதியன்று. இன்னும் ஒன்று: கணினி உடைய அண்ணனும் கன்சோல் உடைய தம்பியும், அயலூர் சென்ற நண்பனும் ஊரிலிருக்கும் நண்பனும், ஒருங்கே ஆடும் இன்பத்தைக் கிராஸ்பிளே தந்தது. அதனை நீதியின் பெயரால் பறித்தல் நன்றன்று.

இதற்கு விடை, விரும்பிக் கலத்தல் வேறு, அறியாமற் கலக்கப்படுதல் வேறு என்பதே. தன் கருவியின் குறை அறிந்தும், நட்பின்பொருட்டு மற்றையார் களம் புகுவானுக்குத் தீங்கு இழைக்கப்பட்டது என்னலாகாது. தாவீது கோலியாத்தின் முன் சென்றதை நினைக்க. சவுல் அரசன் தந்த கவசத்தையும் வாளையும், பழகாதவை என்று அவன் களைந்துவிட்டான். ஆட்டிடையனாய்ப் பழகிய கவணையே எடுத்தான். ஒத்த கருவி வேண்டும் என்று அவன் கேட்டிலன்; தன் கருவியைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையையே வேண்டினான். நீதியின் ஒரு பகுதி இத்தெரிவுரிமையில் அடங்கியுள்ளது. கவணை நம்பியவன் கையில் வலிந்து வாளைத் திணித்தலும், வாளை நம்பியவனைக் கவண் பிடிக்கச் செய்தலும் ஒத்த களம் ஆகா.

மற்றொரு பகுதி வெளிப்படையில் அடங்கியுள்ளது. வாங்குதற்கு ஒன்றும் விற்றற்கு ஒன்றுமாக இரு நிறைகற்களைப் பையில் வைத்தலை மோசேயின் சட்டம் விலக்கிற்று. இலவம் பஞ்சு விற்கும் உழவன் தராசை உற்றுநோக்குதல் வணிகன்பாற் பகைமையால் அன்று. நிறை இன்னது என அறிந்தாலன்றி விலை நேரியதோ என அறிதல் இயலாது என்பதனால். எய்ம் அசிஸ்ட் ஒரு நிறைகல். அஃது இருத்தல் குற்றமன்று. அதன் எடை மறைக்கப்படுதலே குற்றம். இத்தூரத்தில் இவ்வளவு ஈர்க்கும், இக்களத்தில் இவ்வளவு குறையும் என நிறுவனத்தார் எண்ணாற் கூறுவரேல், பூசலிற் பெரும்பகுதி தணியும்.

ஆகவே மூன்று நெறிகளை யாம் துணிகின்றோம். பொழுதுபோக்கு ஆட்டத்தில் கலப்பு இருக்கலாம். ஆயின் அதில் நுழைதலும் விலகுதலும் ஆடுவோன் விருப்பமாதல் வேண்டும். எதிரி கையில் உள்ள கருவி இன்னது என்பதும், உதவியின் அளவு இத்துணை என்பதும் மறைவின்றித் தெரிதல் வேண்டும். தரவரிசையும் பரிசும் உள்ள இடத்தில் கருவியினம் பிரித்தல் வேண்டும்.

நமக்கு இதனால் ஆவது என்ன?

"விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு?" எனச் சான்றோர் சிலர் வினவக்கூடும். 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்தாடும் ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டை அவற்றினின்று வேறாக்கி விளையாட்டு என ஒப்புக்கொண்டது. விளையாட்டு என்று சட்டமே பெயரிட்டபின், விளையாட்டிற்குரிய நீதியும் அதற்கு வேண்டும் அன்றோ? கல்லூரிகளும் ஊர்மன்றங்களும் இத்தகைய போட்டிகளை நடத்துங்காலத்து, 'அவரவர் செல்போனைக் கொண்டுவருக' என்னும் ஒரு வரி விதியோடு நின்றுவிடின், பரிசு பெரும்பாலும் விலையுயர்ந்த செல்போனுக்கே போகும். அதனைத் தவிர்த்தல் அரிதன்று. இயலுமிடத்து ஒரே வகைப் பொறிகளை மேசைமேல் வைத்து அனைவர்க்கும் அவற்றையே தரலாம். எல்லார்க்கும் ஒரே அலைத்தொடர்பைத் தரலாம். இயலாவிடத்து, நொடிக்கு 60 படம் என உச்சவரம்பு விதித்து, டேப்லெட்டுக்குத் தனிப் பிரிவு வகுக்கலாம். பூஞ்சிட்டையும் தேன்சிட்டையும் பிரிக்கத் தெரிந்த நாட்டார்க்கு இஃது அரிய செயலோ?

இதனினும் பெரியது ஒன்று உளது. எளிய செல்போனில் ஆடித் தோற்கும் இளைஞன், தோல்விக்குக் கருவி எவ்வளவு காரணம், தான் எவ்வளவு காரணம் எனப் பிரித்தறியாது, 'நான் திறமற்றவன்' என்று முடிவுகட்டிக்கொள்ளுதல் உண்டு. உயர்ந்த பொறியால் வென்றவன், அது தன் திறமே என்று செருக்குறுதலும் உண்டு. இவ்விரு மயக்கமும் ஆட்டத்தோடு நில்லா. நல்ல விளக்கும் நல்ல நூலும் அமைதியான அறையும் பெற்றுப் படித்தவனும், இவை ஒன்றும் இன்றிப் படித்தவனும் ஒரே தேர்வெழுதிப் பெறும் எண்களை நோக்கும்போதும் இதே மயக்கம் தோன்றும். கருவிக்குரியதைக் கருவிக்கும், ஆளுக்குரியதை ஆளுக்கும் பகிர்ந்தளிக்கப் பழகிய மனமே நடுவுநிலை உடைய மனம். அப்பழக்கத்தை விளையாட்டுக் களத்திலேனும் நாம் தொடங்குவோமாயின், வென்றார்க்கு வெற்றி மெய்யாகும். தோற்றார்க்குத் தோல்வி சுமையாகாது.